நடுரோட்டில் கருவேலங்கிளை: ஒரு ரோடு அடைபட்டால் காரைக்குடியில் என்ன நடக்கிறது

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ரோடு அடைபட்டிருக்கிறது என்பதைப் பலகையைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை. ரோட்டின் குறுக்கே ஒரு தார் டிரம், அதில் செருகிய குச்சியில் சிவப்புத் துணி, மிச்ச இடத்தை அடைக்க வெட்டிப்போட்ட கருவேலங்கிளை. அவ்வளவுதான். முதல் நாள் காலையில் பைக்கில் வருகிறவர் அந்தக் கிளை வரைக்கும் வந்து, காலை ஊன்றி, எட்டிப் பார்த்து, "போகலாமா?" என்று குழி ஓரம் நிற்கிறவரிடம் கேட்பார். அவர் தலையாட்டியது ஆமாம் என்றா இல்லை என்றா என்று புரியாமல் திரும்பிப் போவார். இரண்டாம் நாள் கிளை கொஞ்சம் ஓரமாக இழுபட்டு ஒரு பைக் நுழையும் அளவுக்கு வழி உண்டாகியிருக்கும். மூன்றாம் நாள் அந்த வழியில் ஆட்டோ போகும்.

காரைக்குடியில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருத் தெருவாகத் தோண்டிய வருஷங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் ஊரில் இருக்க முடியாது. அப்போது எனக்கு ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. சுற்றிப் போனால் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் வரும். பஸ்ஸில் அது இரண்டு மூன்று நிமிடம். ஆனால் கால் மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது?

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்களின் பழைய பகுதிகள் சதுரங்கப் பலகை மாதிரி நேர் நேராகத் தெரு போட்டுக் கட்டப்பட்டவை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நடந்தால் தெரியும். பெரிய வீடுகளின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு பின்னால் நீண்டுகொண்டே போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது கட்டடக்கலை அதிசயம். வண்டி ஓட்டுகிறவனுக்கு இதன் பொருள் வேறு. இணையாகப் போகும் இரண்டு தெருக்களுக்கு நடுவில் இருப்பது முழுக்க வீடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டுமானால் குறுக்குத் தெரு வரும்வரை போயாக வேண்டும். இருந்தாலும் ஊருக்குள் இந்தக் கட்டம் நல்லதுதான் செய்கிறது. ஒரு தெருவை அடைத்தால் அடுத்த தெரு இருக்கிறது. கல்யாணப் பந்தலைத் தெருவை அடைத்துப் போட்டாலும் ஊர் ஓடுவது அதனால்தான்.

சிக்கல் ஊருக்கு வரும் ரோடுகளில் இருக்கிறது. புதுக்கோட்டை, தேவகோட்டை, திருப்பத்தூர், அறந்தாங்கி என்று நாலா பக்கத்திலிருந்தும் வரும் ரோடுகள் காரைக்குடிக்குள் வந்து ஒன்று சேருகின்றன. அவற்றுக்கு நடுவே வெளிவட்டமாகச் சுற்றிப் போக வழிகள் குறைவு. காரணம் பூகோளம்தான். மழையை நம்பி வாழ்ந்த சீமை இது. ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் வெட்டி, அந்தக் கரைகளை ஒட்டியே பாதை போட்டார்கள். நேர்கோட்டில் குறுக்கு வழி போட நினைத்தால் நடுவில் தண்ணீர் நிற்கிறது. (நிற்க வேண்டும் என்றுதான் வேண்டுகிறோம்.) அப்புறம் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த இடம். சிக்ரி என்று ஊரே சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் அடிக்கல் போட்டு 1953-இல் திறந்தார்கள். காரைக்குடியைப் படிப்பூராக ஆக்கிய கொடை அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வகம், கல்லூரிகள், பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்து இருக்கும் பெரிய வளாகங்களுக்குள் பொதுவழி கிடையாது. வளாகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். காலை எட்டே காலிலிருந்து ஒன்பதரை வரை ஊரின் பெரும்பங்கு வண்டிகள் ஒரே பக்கமாகப் பாய்வதற்கும் அதுவே காரணம்.

இப்போது செக்காலை ரோட்டையோ நூறடி ரோட்டையோ ஒரு வாரம் அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் பக்கத்து ரோட்டுக்குப் போகும். அங்கே என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1964-இல் அமெரிக்காவின் பொதுச்சாலைத் துறை வெளியிட்ட சூத்திரம் அது. உலகம் முழுக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் இன்னமும் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை அந்த ரோடு தாங்கும் எண்ணிக்கையால் வகுத்து, அதன் நான்காம் படியை எடுத்து, 0.15-ஆல் பெருக்கினால், ஆள் இல்லாத நேரத்தில் ஆகும் நேரத்தைப் போல எத்தனை பங்கு கூடும் என்று வரும்.

நான்காம் படி என்பதுதான் இதில் வில்லன். காலி ரோட்டில் 5 நிமிடம் ஆகும் தூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு பாதி நிறைந்திருந்தால் கூடுவது மூன்றே நொடி. முக்கால் நிறைந்திருந்தால் கால் நிமிடம்கூட இல்லை. முழுக்க நிறைந்தால் 5 நிமிடம் 45 நொடி. அதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது, "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்போம். இரண்டு ரோடும் முக்கால் நிறைந்து ஓடும்போது ஒன்றை அடைத்து அதன் வண்டிகளும் இங்கே வந்து சேர்ந்தால் ரோடு தாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு ஆகிறது. நேரம் 8 நிமிடம் 48 நொடிக்குத் தாவுகிறது. இரண்டு மடங்கு வந்தால் 17 நிமிடம். வண்டி இரண்டு மடங்கு ஆனதும் நேரமும் இரண்டு மடங்கு ஆகும் என்று நம் மனசு போடும் கணக்கு இங்கே செல்லாது. கடைசியாக வந்து சேரும் நூறு வண்டிகள் முதலில் வந்த ஆயிரம் வண்டிகளை விடப் பெரிய கெடுதல் செய்யும்.

சரி, இது வரிசையில் ஓடும் அமெரிக்கக் கார்களுக்குப் போட்ட கணக்கு. நம் ரோட்டில் வரிசை என்று ஒன்று இருந்தால்தானே? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ், கிராமப்புற ரோடுகளுக்காக 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று பட்டியல் இருக்கிறது. பைக் அரைக் கார். பஸ்ஸும் லாரியும் மூன்று கார். டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரைக் கார். மாட்டுவண்டி எட்டுக் கார்! புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் காலை ஒன்பது மணிக்குச் சுற்றுவழித் தெருவில் நுழைந்தால் அது ஒரு வண்டி இல்லை, நாலரை வண்டி. நெரிசலில் எரிச்சலோடு நிற்கும்போது இந்தப் பட்டியலை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

தெருவின் அகலத்தை விட முக்குகள்தான் கழுத்தை நெரிக்கின்றன. நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் அடைப்பினால் வலது பக்கம் திரும்பி, மறுபடி இடது பக்கம் திரும்பி, மீண்டும் பழைய ரோட்டில் ஏற வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் வலது பக்கம் திரும்புவதென்றால் எதிரே வரும் அத்தனை வண்டியையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் திரும்பும்வரை பின்னால் எல்லோரும் நிற்க வேண்டும். இதுவே ஒரு பஸ் திரும்புகிறது என்றால் கேட்கவே வேண்டாம். ஏறத்தாழ நாற்பது அடி நீள வண்டி. செட்டிநாட்டுத் தெருவில் இரண்டு ஓரமும் வாய்க்கால் ஓடும், சில இடத்தில் மேலே கல் பாவியிருக்கும், சில இடத்தில் இருக்காது. மழைநீர் வீட்டு முற்றத்திலிருந்து வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேர அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. எதிரே வருகிறவர் ஓரம் கட்டலாம் என்று நினைத்தால் சக்கரம் அதற்குள் இறங்கும். ஆகவே கண்டக்டர் இறங்கி, விசில் ஊதி, "வரலாம் வரலாம், ஒடிச்சு வா" என்று கையைக் காட்டி, பஸ் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்பும். அந்த ஒரு திருப்பத்துக்கு இரண்டு நிமிடம் என்றால், அந்த இரண்டு நிமிடமும் நாலு திசையிலும் எல்லாம் நிற்கிறது.

பஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பைக்காரருக்கு அடைப்பு ஒரு தொந்தரவு. பஸ்ஸை நம்பி இருக்கிறவருக்கு அது வேறு மாதிரி. காரைக்குடி நெடுங்காலமாகப் பஸ் மாறும் ஊர். மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகத்துக்கு இதுதான் தலைமையிடமாக இருந்தது. 1997-இல் அந்தப் பெயர்களெல்லாம் எடுக்கப்பட்ட பிறகும் "மருதுபாண்டியர் வண்டி" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர், குன்றக்குடி என்று சுற்று ஊர்களிலிருந்து வந்து இறங்கி இன்னொரு வண்டி பிடிப்பது தினசரி வாழ்க்கை.

ஒரு டவுன் பஸ் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு டிரிப். அடைப்பினால் போகும்போது ஆறு, வரும்போது ஆறு என்று பன்னிரண்டு நிமிடம் கூடினால் டிரிப்புக்கு 72 நிமிடம். அதே பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து டிரிப்தான் வரும். அதாவது பயணி ஒருவருக்கு ஆறு நிமிடத் தாமதம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தடத்தில் இரண்டு டிரிப் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. காணாமல் போன டிரிப்பில் வர வேண்டியவருக்கு நட்டம் ஆறு நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் வரை. என் கணக்கு எங்கே உதைத்தது என்பது இங்கேதான் பிடிபட்டது. வண்டி ஓடும் நேரம் கொஞ்சம்தான் கூடியிருந்தது. தேவகோட்டை வண்டியைத் தவறவிட்டு அடுத்ததற்கு நின்ற நேரம்தான் மிச்சத்தைத் தின்றிருக்கிறது.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய வீடுகளில் சமையலுக்கும், கடைகளில் வேலைக்கும், கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் அந்தப் பஸ்ஸின் நேரத்தை வைத்துத்தான் காலையை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோடு அடைபட்டால் பஸ் வேறு தெருவில் போகிறது. வழக்கமான நிறுத்தத்தில் பஸ் வராது, புது நிறுத்தம் எது என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறுவார்கள். காசில்லாமல் போய் வந்த இடத்துக்குப் போக இருபது, வர இருபது. எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு இது. ஒரு நாள் நிறுத்தத்தில் தூக்குவாளியோடு நின்ற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ரோட்டை அடைக்கட்டும் தம்பி, வேண்டாங்கல. பஸ்ஸு எங்கன நிக்கும்னு ஒருத்தராவது சொல்லணும்ல? ஆச்சி வீட்ல எட்டரைக்குப் போய் நிக்கலேன்னா காலைப் பலகாரம் யாரு செய்யிறது?"

அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கும் மையம். அடைப்பு எங்களுக்குப் புதிதல்ல. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழாவின்போது பால்குடமும் காவடியும் வரும் நாளில் நகரின் முக்கிய ரோடுகளில் வண்டி போக முடியாது. கொப்புடையம்மன் தேர் ஓடும்போதும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கிறவர்களின் கூட்டத்தால் குன்றக்குடி ரோடே நடைபாதை ஆகிவிடும். இதற்கெல்லாம் யாரும் ரோட்டில் நின்று திட்டியதை நான் பார்த்ததில்லை. பக்தி ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதோடு, காப்புக் கட்டிய நாளிலிருந்தே எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வழி என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் முதல் நாளே போய் வந்துவிடுவார். கடைக்காரர் சரக்கை முன்கூட்டியே இறக்கிக்கொள்வார். டவுன் பஸ் எங்கே நின்று திரும்பும் என்பது போன வருஷமே தெரிந்த விஷயம். தோண்டிப் போடும் அடைப்பில் இது எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் வரும் திருவிழாவில் பத்து மணி நேரம் அடைத்த ரோட்டை ஊர் பொறுத்துக்கொள்கிறது, முப்பதடிப் பள்ளத்துக்கு மூன்று நாள் அடைத்ததில் கொந்தளிக்கிறது என்றால், வித்தியாசம் பள்ளத்தில் இல்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆவது பிரிவு, பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு ரோட்டில் வண்டிகளைத் தடுக்க அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரிகளுக்கும் வழி செய்கிறது. தடை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் அரசிதழ் தேவையில்லை, ஆனால் சூழ்நிலை அனுமதிக்கும் அளவு உள்ளூரில் விளம்பரப்படுத்த வேண்டும். அந்தச் "சூழ்நிலை அனுமதிக்கும் அளவு" என்ற சொல்லுக்குள்தான் நம் கருவேலங்கிளையும் அடங்கிவிடுகிறது போல. வேலை நடக்கும் ரோட்டில் போக்குவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் தனியாக ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. தூரத்திலேயே எச்சரிக்கைப் பலகை, வண்டி ஒதுங்க ஒரு பகுதி, வேலை நடக்கும் பகுதி, மறுபடி பழைய வழியில் சேரும் பகுதி என்று ரோட்டையே நாலாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் மூன்றாவது பகுதி மட்டும் இருந்தது.

தோண்டுகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு அழுத்தம் கொடுத்து மேட்டிலும் ஏற்றலாம். சாக்கடைக் குழாய் சரிவிலேயே ஓட வேண்டும். ஆகவே தூரம் போகப் போகப் பள்ளத்தின் ஆழம் கூடிக்கொண்டே போகும். குறுக்கே பழைய தண்ணீர் லைனும் கேபிளும் எங்கே கிடக்கிறது என்று தோண்டிய பிறகுதான் தெரியும். எங்கள் மண்ணில் செம்புராங்கல் வேறு. பாறையாக வந்து நின்றால் ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். மூடிய பிறகும் உடனே தார் போட முடியாது, மண் அமர வேண்டும். அமரும் முன் ரோடு போட்டால் அடுத்த ஐப்பசி மழையில் லாரி டயர் அளவுக்கு உள்வாங்கும், திரும்பவும் தார் டிரம் வரும். தேதி சொல்வது நிஜமாகவே கஷ்டம்தான். ஆனால் "இந்த வாரம் முடியாது" என்று சொல்வது கஷ்டமில்லை. அதையும் சொல்வதில்லை என்பதுதான் என் புகார்.

வெளிநாடுகளில் இதை நெடுநாளாக ஆராய்கிறார்கள். சாலையின் இடத்தைக் குறைத்தால் வண்டிகள் அத்தனையும் பக்கத்து ரோட்டுக்குப் போவதில்லை, ஒரு பகுதி மறைந்தே போய்விடுகிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2002-இல் வந்த தொகுப்பில் 70-க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்திருந்தார்கள். அவற்றில் பாதி இடங்களில் 11 சதவீதத்துக்கு மேல் போக்குவரத்து குறைந்திருந்தது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது வேறு வழியைத் தேடிப் போனவர்களில் ஒரு சிறு பகுதியினர், ஏறத்தாழ 5 சதவீதம் பயணிகள், ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் புது வழியிலேயே தங்கிவிட்டார்கள். அதுவரை தங்களுக்கு நல்ல வழி எது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டும் சுவாரசியமான முடிவுகள். ஆனால் அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. லண்டன்காரருக்கு ஒரு ரயில் நின்றால் இன்னொரு ரயில், பஸ், சைக்கிள், நல்ல நடைபாதை என்று நாலைந்து வழி. பள்ளத்தூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு டவுன் பஸ், ஒரு மினி பஸ். இங்கே "மறைந்த" பயணம் என்பது திங்கள் சந்தைக்குக் காய் கொண்டுவராமல் விட்ட ஒருவராக இருக்கலாம், சர்க்கரைக்கு மாத்திரை வாங்க இந்த வாரம் போகாத ஒரு அப்பச்சியாக இருக்கலாம். ரோட்டில் வண்டி குறைந்ததைப் பார்த்து ஊர் பழகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

பழகுகிறவர்கள் பழகத்தான் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிடும் ஆட்டோக்காரர்கள் நாலே நாளில் எந்தச் சந்து எத்தனை மணிக்கு அடைக்கும் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் சென்னைக்குப் பல்லவன் ரயில் பிடிக்க வேண்டியவர் அரை மணி முன்னால் கிளம்பக் கற்றுக்கொள்வார். கைபேசி வரைபடத்தை நம்பி ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் கிளம்பும் சுற்றுலாக்காரர்கள் மட்டும் நேராகக் கருவேலங்கிளை வரை வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு வழி சொல்லியே எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் அந்த மாதம் களைத்துப்போனார்.

2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேர் இருந்த நகராட்சி, 2024-இல் கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டது. இனி தோண்டுவது கூடுமே தவிரக் குறையாது. குழாய் போகாத தெருக்கள் இன்னும் எத்தனையோ. அடைப்பதற்கு முன்னால் பஸ் எந்தத் தெருவில் நிற்கும் என்று ஒரு பலகை, எந்தத் தேதி வரை என்று ஒரு வரி, இரண்டுக்கும் ஒரு தகரமும் கொஞ்சம் பெயிண்டும் போதும்.

ஒரே ஒரு முறை அப்படி எழுதியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் தார் டிரம்மின் மேல் யாரோ சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: "வேலை நடக்கிறது. திங்கள் வரை." ஊர் அதைப் படித்துச் சந்தோஷப்பட்டது. திங்கள்கிழமை வந்தது, சந்தை கூடியது, கலைந்தது, டிரம் அங்கேயே நின்றது. எந்தத் திங்கள் என்று எழுதவில்லை.